எண்ணறிவு எளிதில் எய்தாத சிறாரும் அவர்க்குரிய கணக்குப் பாடமும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட யாம் கணக்கைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் நண்பர் சிலர் புன்முறுவல் செய்கின்றனர். அவர்கள் எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்றவர்கள். எமது கணக்கு மதிப்பெண்களை நன்கறிந்தவர்கள். அவற்றை இவ்வவையில் வெளியிடாதிருக்குமாறு அவர்களை வேண்டிக்கொண்டு, எடுத்த பொருளுக்கு வருகின்றோம்.

சென்ற ஆண்டு விழா முடிந்து அனைவரும் பந்திக்கு எழுந்த வேளையில், தாயார் ஒருவர் எம்மைத் தூணருகே அழைத்துத் தாழ்ந்த குரலில், “ஐயா, எங்கள் பெண்ணுக்குக் கணக்கு மட்டும் ஏறவில்லை; எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?” என்று வினவினார். குரலைத் தாழ்த்தியதற்குக் காரணம் எமக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டில் இத்தகைய குழந்தை ஒன்று உண்டென்பது வெளிப்பட்டால் அக்குழந்தையின் அக்காளுக்குச் சம்பந்தம் பேச வருவோர் தயங்குவர் என்னும் அச்சமே அது. அவருக்கு அன்று யாம் நேரிய விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இவ்வுரை.

எண்ணின் பெருமை பேசப் புகுவோர் அனைவரும் முதற்கண் எடுத்தோதும் குறளொன்று உண்டு. அதனை யாம் இன்று ஓதப்போவதில்லை. கணக்கு வாராத குழந்தைகளின்முன் அக்குறள் பிரம்பாக ஓங்கப்படுவதைப் பலகாற் கண்டிருக்கின்றோம். ஒருகால் யாமே ஓங்கியும் இருக்கின்றோம். அதனைச் சொல்லிவிடுதலே முறை.

எம் தமக்கையாரின் மைந்தன் ஒருவன். அவன் தந்தையார் மளிகை வாணிகர். பையன் பேச்சில் வல்லவன். ஒருமுறை கேட்ட கதையை மறவான். வாடிக்கையாளர் பெயரையும் அவரவர் வாங்கும் சரக்கையும் தப்பாமற் சொல்வான். கணக்கு மட்டும் வரவில்லை. அவனுக்கு ஒன்பது வயது நடக்கையில், தந்தையார் அவனைக் கல்லாவில் இருத்திவிட்டு உண்ணச் சென்றார். அறுபத்து மூன்று ரூபாய்ச் சரக்கு வாங்கி நூறு ரூபாய்த் தாளை நீட்டிய ஒருவருக்கு, அவன் அறுபத்து மூன்று ரூபாயையே மீதியாக எண்ணிக் கொடுத்தான். வாங்கியவர் நல்லவர், தந்தையார் வரும்வரை காத்திருந்து மிகைப்பணத்தைத் திருப்பித் தந்தார். தந்தையார் கடைவாயிலில் நின்ற அனைவரும் காணப் பையனை அறைந்தார். வாணிகக் குடியிற் பிறந்து சில்லறை எண்ணத் தெரியாதவன் எதற்கு ஆவான் என்பது அவர் துயரம். அதே திங்களில், அவன் பயின்ற பள்ளியாரும் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுமாறு சொல்லியனுப்பினர்.

மாமன் உபாத்தியாயராயிற்றே என்று பையனை எம்மிடம் விட்டனர். யாமும் எமக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டோம். பதினொரு மாலைகள் ஏழாம் வாய்ப்பாட்டை உருப்போடச் செய்தோம். பாட்டைப் போல அதனை ஒப்பித்தான். எமக்குப் பெருமிதம் உண்டாயிற்று. பன்னிரண்டாம் மாலை அவன் எம்மை நிமிர்ந்து நோக்கி, “மாமா, ஏழு பெரிசா, எட்டு பெரிசா?” என்று கேட்டான். குறும்பு செய்கின்றான் என்று கருதி அடித்துவிட்டோம். அவன் அழவில்லை, விடைக்காகக் காத்திருந்தான். அவன் மெய்யாகவே அதனை அறியாமற் கேட்டான் என்பது அம்முகத்தைக் கண்ட பின்னரே எமக்கு விளங்கிற்று.

இக்குறைக்கு டிஸ்கால்குலியா என்று பெயர். ஸ்லோவாக்கிய உளநூலார் லாடிஸ்லாவ் கோஷ் என்பார் 1974ஆம் ஆண்டிலேயே இதனை வரையறுத்து எழுதியுள்ளார். நூறு குழந்தைகளில் மூவர் முதல் எழுவர் வரை இக்குறை காணப்படுவதாக ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். அங்ஙனமாயின் இம்மண்டபத்தில் ஓடி விளையாடும் சிறாருள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். மூன்று புளியங்கொட்டைகளைத் தரையில் எறிந்தால் எண்ணாமலே மூன்று என்று நாம் காண்கின்றோம் அன்றோ? அவ்வாறு கண்ட அளவில் தொகையை உணரும் ஆற்றலும், இரு தொகைகளுள் பெரியது எது என்று உணரும் ஆற்றலும் இக்குழந்தைகட்கு மெலிந்திருக்கும். பேச்சும் நினைவும் கூர்மையும் செவ்வனே இருக்கும். ஆதலின் பெற்றோர் இதனைச் சோம்பல் என்றே மயங்குகின்றனர்.

கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் எல்லோரும் இவ்வகையினர் அல்லர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். கண்பார்வையும் செவிப்புலனும் குன்றியிருத்தல், கொரோனாத் தொற்றினால் 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் அடிப்படை விட்டுப்போதல், ஆசிரியரிடத்து அச்சம் என வேறு காரணங்களும் உள. விட்டுப்போனவர்க்கு விட்ட இடத்தினின்று கற்பித்தால் சில திங்களில் ஓடிவந்து சேர்ந்துகொள்வர். எத்துணை கற்பித்தும் அடுத்த வாரம் அத்தனையும் கரைந்து போகுமாயின் தக்கவரிடம் காட்டுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்டுள்ள 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்கால்குலியா அதிற் பெயர் சுட்டியே கூறப்பட்டிருக்கின்றது. பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் இவர்கட்கு ஏற்ப மாற்றித் தருதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. வட்டார வள மையங்களிற் சிறப்பாசிரியர்கள் இருக்கின்றனர். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991 முதலும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதலும் பணியாற்றி வருகின்றன. யாம் எம் மருமகனை வள மையத்துக்கே அழைத்துச் சென்றோம். அங்கே கண்டவையும் பின்னர்ப் படித்தறிந்தவையுமே இனிக் கூறுவன.

எந்தப் புத்தகம் என்னும் வினா முதல் வினாவாதல் தகாது. குழந்தை எப்படியில் நிற்கின்றது என்பதே முதல் வினா. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புப் புத்தகம் என்று நாம் வயதைக் கொண்டு தீர்மானிக்கின்றோம். சிறப்பாசிரியை அம்மையார் எம் மருமகனிடம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நான்கு கூழாங்கற்களை வைத்து எத்தனை என்றார். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். மேலும் இரண்டு வைத்தார்; நான்கினின்று தொடராமல், மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினான். கற்களைப் பரப்பி வைத்தார், கூடிவிட்டன என்றான். அரைமணியில் அவனுடைய உண்மையான வகுப்பு எதுவென்பது வெளிப்பட்டது. அஃது ஒன்றாம் வகுப்புக்கும் முந்தியது. எம் தமக்கையார் வெளியே வந்து திண்ணையில் அமர்ந்து அழுதார்.

நிலையறிந்து பாடம் தருதல் புதுமையன்று. நமது மாநில அரசினர் 2022ஆம் ஆண்டிற் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திற் பயிற்சி நூல்களை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக வகுத்து, ஒரே வகுப்பிலுள்ள பிள்ளைகட்கும் அவரவர் நிலைக்கேற்ப வழங்கினர். பிள்ளை அரும்பில் இருக்கின்றது என்று கேட்டு வருந்திய பெற்றோரை யாம் அறிவோம். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு மலரைக் கொடுத்து வீட்டில் தாமே விடையெழுதி நிரப்பி அனுப்பிய தாய்மாரையும் அறிவோம்.

இரண்டாவது, பொருளிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து குறிக்கும் செல்லும் பாடமா என்று பார்த்தல் வேண்டும். இவ்வொழுங்கு நீண்ட வரலாறு உடையது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகுவின் என்பார் அறிவு வளர்ச்சி குன்றிய சிறார்க்கெனக் கைத்தொழிற்பட்ட கருவிகளை ஆக்கினார். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் அவற்றைக் கற்று, உரோமாபுரியில் அத்தகைய சிறார்க்கே முதலிற் பயன்படுத்தி வெற்றி கண்டார். அதன் பின்னரே 1907ஆம் ஆண்டில் ஏனைச் சிறார்க்கான பள்ளியைத் தொடங்கினார். இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருங்கட்டணம் செலுத்திப் பயிலும் முறை, பள்ளிகள் வேண்டாவென்று தள்ளிய குழந்தைகளிடமிருந்து பிறந்தது! அம்மையார் 1939ஆம் ஆண்டு நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்திற் சில ஆண்டுகள் கோடைக்கானலிலும் தங்கினார்.

அவருடைய மணிக்கருவியைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். ஒன்று என்பது ஒரு மணி. பத்து மணிகளைக் கம்பியிற் கோத்தது பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய கட்டி ஆயிரம். ஆயிரத்தைத் தூக்கும் பிள்ளை அதன் கனத்தைக் கையால் அறிகின்றது. பெல்ஜியத்து உபாத்தியாயர் ஜார்ஜ் குய்செனேர் என்பார் 1952இல் நூலெழுதிப் பரப்பிய வண்ணக் கோல்கள் ஒன்று முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை நீளமுடையவை. இவை கூட்டலுக்கும் ஒப்பிடுதலுக்கும் நன்று. எனினும் பச்சை என்றால் மூன்று என்று நிறத்தையே உருப்போட்டுவிடும் குழந்தைகளும் உண்டு என்பதால் எமக்கு மணிகளே உவப்பு. அமெரிக்க உளநூலார் ஜெரோம் புரூனர் 1966இல் செயல், உருவம், குறி என்று இவ்வரிசைக்கு இலக்கணம் கூறினார். சிங்கப்பூர் நாட்டார் 1980களில் இதனையே தம் கணக்குப் பாடத்துக்கு அடிப்படையாக்கினர்.

விலையுள்ள கருவி வாங்க இயலாதார் வருந்த வேண்டா. விளக்குமாற்று ஈர்க்கைச் சமமாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையமிட்டால் பத்துக்கட்டு ஆயிற்று. பத்துக்கட்டுப் பத்தைச் சேர்த்துக் கட்டினால் நூறு. முட்டைத் தட்டினைப் பத்துக்குழி அளவுக்கு நறுக்கிப் புளியங்கொட்டை இட்டால், ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்றும் பத்துக்கு மூன்று குறைவு என்றும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகும். பரணில் தூசு படிந்து கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று அள்ளுகின்றோமே, நான்கினை எண்ணாது காணும் பயிற்சிக்கு அதனினும் சிறந்ததை யாம் அறியோம். பணத்தைக் கொண்டே முதலில் கற்பிக்கலாகாதா என்று வணிகராகிய நீவிர் கேட்பீர். கேளாமலே யாம் செய்து பார்த்துத் தோற்றோம். பத்து ரூபாய்த் தாள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல் பத்து மடங்கு பெரிதாகத் தோன்றுவதில்லை. அதன் மதிப்பு அதன்மேல் எழுதியிருப்பதால் வந்தது. அதுவும் ஒரு குறியே. மணியும் ஈர்க்கும் கைவந்த பின்னரே பணம்.

இனி எமக்குரிய துறைக்கு வருவோம். இங்கே சிறிது விரித்துரைக்க இடந்தருக. எண்ணுப் பெயர்களும் பாடத்தின் ஒரு பகுதியே என்பதைக் கணக்காசிரியர் பலர் கருதுவதில்லை. ஆங்கிலத்தில் லெவன், டுவெல்வ் என்னும் பெயர்களிற் பத்து எங்கே இருக்கின்றது? தர்ட்டீன் முதலியவற்றில் ஒன்றின் பெயர் முன்னும் பத்தின் பெயர் பின்னும் நிற்க, எழுதும்போது பத்து முன்னர் வருகின்றது. தர்ட்டீனும் தர்ட்டியும் செவிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. தமிழிலோ பதினொன்று, பதின்மூன்று, இருபத்து நான்கு எனப் பத்து முன்னும் ஒன்று பின்னுமாக, எழுதும் முறையிலேயே பெயரும் அமைந்திருக்கின்றது. ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பிள்ளையாயினும், கணக்கில் இடர்ப்படுமாயின், எண்களை முதலில் தமிழிற் கற்பித்தல் நலம் என்பது எம் துணிபு. தமிழ்ப் பண்டிதரின் பிடிவாதம் என்று இதனைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு திங்கள் செய்து பாருங்கள்.

ஆயினும் நம் மொழியிலும் ஒரு குழி உண்டு. இருபது, முப்பது என எண்பது வரை ஒழுங்காக வந்த பெயர் அடுத்துத் தொண்ணூறு என்று பாய்கின்றது. ஒன்பது ஒன்றனிடத்துக்கு உரியதாயிருந்தும் பத்தினைப் போல் ‘பது’ என்று முடிகின்றது. தொண்ணூறு பத்தனிடத்துக்கு உரியதாயிருந்தும் நூறு என்று முடிகின்றது. தொள்ளாயிரமோ நூறுகளின் கூட்டமாயிருந்தும் ஆயிரம் என்று முடிகின்றது. இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விதி கூறுகின்றது; நன்னூலாரும் கூறுகின்றார். யாம் இருபது ஆண்டுகளாக அவ்விதிகளை மாணாக்கர்க்கு நடத்தி வந்தோம். எம் மருமகன் தொண்ணூற்றைந்தினை 905 என்று எழுதிக் காட்டிய அன்றுதான் அவ்விதி ஒரு குழந்தையின் கையில் என்ன செய்கின்றது என்பதைக் கண்டோம். அவன் செவி பிழை செய்யவில்லை. நூறும் ஐந்தும் கேட்டன, அவ்வாறே எழுதினான். ஆதலின் ஒன்பதின் இனத்தை மட்டும் தனியே எடுத்து, ஒன்பது பத்துக்கட்டுகளைக் கையிற் கொடுத்து, இதன் பெயர் தொண்ணூறு என்று நாமகரணம் செய்வது போலக் கற்பித்தல் வேண்டும்.

பின்னங்களிலும் இவ்வாறே. கால் கிலோ துவரம்பருப்பு, அரைக் கிலோ சர்க்கரை, முக்கால் மணிநேரம் என்று வீட்டிலும் கடையிலும் நாளெல்லாம் கேட்கும் பிள்ளைக்கு, புத்தகத்தில் ஒன்றின்கீழ் நான்கு என்று எழுதியிருப்பது அந்தக் காலே என்று எவரும் சொல்வதில்லை. தராசில் நான்கு காற்கிலோப் படிகளை வைத்து ஒரு கிலோவோடு நிறுத்துக் காட்டிய நாளில் எம் மருமகன் சிரித்தான். கணக்குப் பாடத்தில் அவன் சிரித்ததை அன்றுதான் முதன்முறை கண்டோம்.

புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் முப்பது கணக்குகளும் சுற்றிலும் பட்டாம்பூச்சிகளும் இருப்பின் வேண்டா. எழுத்துப் பெரிதாக, கணக்குச் சிலவாக, இடம் விட்டிருத்தல் நன்று. படிக்க இடர்ப்படும் பிள்ளைக்கு வாசகக் கணக்கு இரட்டைச் சுமை. அதனை வாயாற் சொல்லிக் கேட்கலாம். ஒரு படி உறுதியாகும் வரை அடுத்த படிக்கு ஏறாமை வேண்டும். எனினும் பழையதை நாள்தோறும் சிறிது தொட்டுச் செல்லாத பாடமும் பயனில்லை, இவர்களின் மறதி அத்தகையது. கடிகாரம் வைத்து விரைவினை அளக்கும் எதனையும் விலக்குங்கள். மணிச்சட்டம் கற்பிக்கும் அபாகஸ் வகுப்புகள் இப்போது தெருத்தோறும் உள்ளன. எண்ணுணர்வு வாய்த்த பிள்ளைகட்கு அவை பயன்படலாம். ஆனால் ஏழும் எட்டும் வேறுபடத் தோன்றாத பிள்ளையை விரைவுப் போட்டிக்கு விடுதல், நடக்கவியலாதவனை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துதலே. பார்வையற்றோர் தடவிக் கணக்கிடும் மணிச்சட்டம் வேறு. அஃது அவர்கட்கு எழுதுகோல் போன்றது.

பிற குறையுடைய சிறாரைப் பற்றி விரித்தற்குப் பொழுதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் செவியாற் கேட்டதினும் கண்ணாற் கண்டதை நன்கு பற்றுவர் என்பதையும், ஆட்டிசம் உள்ளாருட் பலருக்கு நாள்தோறும் மாறாத ஒழுங்கு இன்றியமையாதது என்பதையும் மட்டும் குறித்துச் செல்கின்றோம். பெயர் ஒன்றாயினும் இரு குழந்தைகள் ஒன்றல்லர்.

பெரும்பூசல் எழுவது குறிக்கோளைப் பற்றியே. பத்தாம் வகுப்புக் கணிதம் வேண்டும் என்பர் தந்தையர்; சில்லறை, கடிகாரம், நாட்காட்டி, அளவை இவை போதும் என்பர் சில ஆசிரியர். இரண்டிலும் எமக்கு உடன்பாடில்லை. எட்டு வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து இதற்குமேல் உனக்கு வாராது என்று கதவடைக்க எவர்க்கும் உரிமையில்லை. வாய்ப்பாடு உருவேறாத பிள்ளை வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னத்தை அறிந்துகொள்ளுதல் கூடும். வாய்ப்பாடு வரும்வரை பின்னத்தை மறுத்தல் கொடுமை. மறுபுறம், வாழ்க்கைக் கணக்கு நிரம்பாமல் இயற்கணிதத்தை இழுத்துச் செல்வதும் வீணே. தேர்வுக்கு வழிகள் உள. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தார் 2020ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தை எளியது, வழக்கமானது என இரு தரமாக வகுத்தனர். தேசியத் திறந்தநிலைப் பள்ளியிற் கணிதத்தை எடுக்காமலே பத்தாம் வகுப்புத் தேறலாம். பின்னர்ப் பயில விரும்பும் படிப்புக்குக் கணிதம் வேண்டுமா என்று முன்னரே விசாரித்துக்கொண்டு அவ்வழியிற் செல்லுங்கள்.

எம் மருமகனுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஏழாம் வாய்ப்பாடு இன்றும் தெரியாது. எம்மிடம் ஒப்பித்ததையும் மறந்துவிட்டான். ஆனால் அறுபத்து மூன்று ரூபாய்ச் சரக்குக்கு நூறு ரூபாய் நீட்டினால், ஏழு ரூபாயை மேசைமேல் வைத்து எழுபது என்பான். மூன்று பத்துகளை வைத்து நூறு என்பான். கழித்தல் செய்வதில்லை. அவன் தந்தையாரும் முப்பது ஆண்டுகளாகக் கழித்தல் செய்யாமல் இவ்வாறே சில்லறை கொடுத்து வந்தார் என்பதை ஒரு நாள் அருகிருந்து கண்டோம். இதனை அவரிடம் எடுத்துக் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு மாலையில் இரண்டு மணிநேரம் பையனைக் கல்லாவில் அமர்த்த இசைந்தார். கூட்டங்கட்கு அவனை அழைத்துவர இன்னும் இசையவில்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் கணக்கில் நூற்றுக்கு நூறு பெற்றோர்க்குப் பரிசளிக்கின்றோம், அது தொடரட்டும். அதனோடு, பிள்ளையை வாரந்தோறும் வள மையத்துக்கு அழைத்துச் செல்லும் தாயார்க்குப் பஸ் கட்டணம் தருவதற்கும் ஒரு பகுதியை ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அன்றைக் கூலியை இழந்து செல்வோர் நம்மிடையே உளர்.

எம்மாலானது, மூன்று பெட்டிகளில் மணிகளும் ஈர்க்குக் கட்டுகளும் பத்துக்குழித் தட்டுகளும் சேர்த்துச் சங்க நூல்நிலையத்தில் வைத்திருக்கின்றோம். நூல் எடுப்பது போலவே எடுத்துச் சென்று ஒரு திங்கள் வைத்திருக்கலாம். பேரேட்டிற் பெயரெழுதத் தயங்குவோர் எம் இல்லத்துக்கு வந்து பெற்றுக்கொள்க. நான்காவது பெட்டி ஒன்று அங்கே இருக்கின்றது. அதற்குப் பேரேடு இல்லை.